வாடகைத் தாய்: கலைப்பதா வேண்டாமா என்று ஐந்தாம் மாதத்தில் பேசத் தொடங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சட்டக் கேள்வி–பதில் பகுதியில், வாடகைத் தாயின் வயிற்றில் வளரும் குழந்தைக்கு ஸ்கேனில் குறை தெரிந்தால் யார் முடிவெடுப்பது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். குழந்தை தம்பதியுடையது என்பதால் அவர்கள் எழுதிக் கொடுத்தால் கலைத்துவிடலாம் என்ற பொருளில் பதில் வந்திருந்தது. அது தவறு. அதை நம்பி ஒரு டாக்டர் கலைத்தால் 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அவருக்குக் காத்திருக்கின்றன. வாடகைத் தாய் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, இரு தரப்பும் பேசிச் சமரசம் செய்துகொள்ளவும் முடியாது.

வாடகைத் தாய் (ஒழுங்குமுறை) சட்டம், 2021 என்பது 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வாடகைத் தாயின் எழுத்துப்பூர்வ சம்மதமும் உரிய அதிகார அமைப்பின் (இந்தச் சட்டப்படி அரசு நியமித்த குழு) ஒப்புதலும் இல்லாமல் யாரும் கருவைக் கலைக்கக் கூடாது. 'யாரும்' என்பதில் மருத்துவமனை, டாக்டர், தம்பதி எல்லோரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்த ஒப்புதலும் 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்துக்கு உட்பட்டே தரப்பட வேண்டும். எந்தக் கட்டத்திலும் அவளைக் கலைக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 10ஆம் பிரிவு தனியாகவும் சொல்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, 18 வயது நிரம்பிய, மனநலம் சரியாக உள்ள பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்தே தேவையில்லை எனும்போது, கருமுட்டை கொடுத்தவரின் கையெழுத்துக்கு அங்கே இடமேது?

கரு தம்பதியுடையதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. பிறந்த நொடியிலிருந்து குழந்தை அவர்களுடைய சொந்தக் குழந்தை என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கலைப்பு நடப்பது வாடகைத் தாயின் உடம்பில். மாத்திரை போடுவதும் வலி எடுப்பதும் ரத்தம் போவதும் அவளுக்கு. வயலைக் குத்தகைக்கு விட்டவர் 'இந்தப் பூ வேண்டாம், உழுதுபோடு' என்று சொல்கிற மாதிரி இதைப் பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். படித்தவர்களும் அதில் சேர்த்தி.

இந்தச் சண்டை நம் ஊரில் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாடகைத் தாய் வைப்பது இப்போது குற்றம். மருத்துவச் செலவு, விதிகளில் சொன்ன மற்றச் செலவுகள், காப்பீடு தவிர ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது. வாடகைத் தாய்க்கு 25 முதல் 35 வயது வரை இருக்க வேண்டும். மணமாகி சொந்தக் குழந்தை பெற்றவளாக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் வாடகைத் தாயாக இருக்கலாம். இத்தனைக்கும் பொருந்தி, பணம் வாங்காமல், பத்து மாதம் சுமக்க யார் வருவார்கள்? பெரும்பாலும் அண்ணன் பெஞ்சாதி, சித்தி மகள், கொழுந்தியாள். அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு மைனி, அதாவது அண்ணி. ஆகவே தகராறு வந்தால் அது இரண்டு கட்சிக்காரர்களின் தகராறாக இருக்காது. கோயில் கொடை, சடங்கு, காதுகுத்து எல்லாவற்றிலும் எதிரெதிரே உட்கார வேண்டியவர்களின் தகராறாகிவிடும்.

ஸ்கேன் சென்டரின் வெளித்தாழ்வாரத்தில் நடப்பதைப் பாருங்கள். வயிற்றில் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்து வருமுன் ரிப்போர்ட் தம்பதியின் கைக்குப் போய்விடுகிறது. அவளுக்கு முதலில் தெரிவது ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பதல்ல, நாத்தனாரின் முகம். பிறகு, "எங்க புள்ளதானே மைனி, நாங்கதான சொல்லுதோம், நீங்களா வளக்கப் போறீய, கையெழுத்தப் போடுங்க" என்ற பேச்சு. பக்கத்தில் மாமியார். பேனாவும் தயார். இப்படி வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எந்த நீதிமன்றத்தின் முன்னும் சொல்லிவிட முடியாது.

பரிசோதனை அவளுடைய உடம்பில் நடந்தது, ஆகவே ரிப்போர்ட்டை டாக்டர் முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும், தனி அறையில், தமிழில். அவள் சரி என்றால் தம்பதியை உள்ளே கூப்பிடலாம். கலைப்பு பற்றிய விவரத்தை வெளியில் சொல்லும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்று கருக்கலைப்புச் சட்டத்தில் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 5ஏ பிரிவு சொல்கிறது. இது வாடகைத் தாய்க்கும் பொருந்தும். நெல்லையில் வண்ணார்பேட்டை, ஹைகிரவுண்டு பக்கம் உள்ள மருத்துவமனைகள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றையாவது வழக்கமாக்கினால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது வாரக் கணக்கு. இதில் தப்புவிடாத குடும்பமே இல்லை என்று சொல்லலாம். கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். அதுவும் விதிகளில் சொன்ன சில வகைப் பெண்களுக்கு மட்டும். குழந்தை உயிர்வாழ முடியாத அளவுக்கோ, பிறந்தால் கடுமையான ஊனத்தோடு இருக்கும் என்ற அளவுக்கோ குறை இருப்பது அந்த வகைகளில் ஒன்று. 24 வாரம் தாண்டினால், கணிசமான குறை என்று அரசு அமைத்த மருத்துவக் குழு சொல்ல வேண்டும். மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் மருத்துவர் எல்லாம் இருக்கும் குழு அது. விண்ணப்பம் வந்த 3 நாளில் கருத்துச் சொல்லி, 5 நாளுக்குள் சிகிச்சையை முடிக்க வேண்டும்.

இந்த வாரங்களை எங்கிருந்து எண்ணுவது? கரு வைத்த நாளிலிருந்து அல்ல. 5 நாள் வளர்ந்த கருவை வைக்கும் அன்றே கர்ப்பத்துக்கு 2 வாரம் 5 நாள் வயது என்று கணக்கு. 3 நாள் கருவென்றால் 2 வாரம் 3 நாள். உறைய வைத்த கருவை மருந்து கொடுத்துத் தயார் செய்த கர்ப்பப்பையில் வைக்கும்போது, அவளுடைய கடைசி மாதவிலக்குத் தேதி கணக்குக்கு உதவாது. ஆனால் ஆஸ்பத்திரி அட்டையில் நர்ஸ் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

ஜூன் 1 அன்று 5 நாள் கரு வைத்ததாக வைத்துக்கொள்வோம். கணக்குத் தொடங்கும் நாள் மே 13. கருவின் கழுத்துக்குப் பின்புறம் நீர் அளக்கும் என்.டி. ஸ்கேனுக்கு உரிய 11 முதல் 13 வாரம் 6 நாள் என்பது ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 18 வரை. 20 வாரம் நிறைவது செப்டம்பர் 30. 24 வாரம் நிறைவது அக்டோபர் 28. கரு வைத்த நாளிலிருந்து எண்ணும் குடும்பம், 20 வாரம் முடிய அக்டோபர் 19 வரை நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும். 19 நாள் அப்படியே காணாமல் போகிறது.

இதே கணக்கில் செப்டம்பர் 23 அன்று, 19 வாரத்தில், உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் எடுக்கிறார்கள். இதயத்தில் சந்தேகம். இதயத்துக்கென்று தனி ஸ்கேன் எடுக்க ஒரு வாரம் கழித்துத் தேதி. அன்றே பனிக்குட நீர் எடுத்து அனுப்பினாலும், குரோமோசோம்களை முழுதாக எண்ணிச் சொல்லும் ரிப்போர்ட் வர 2 முதல் 3 வாரம். அதற்குள் அக்டோபர் நடுப்பகுதி தாண்டிவிடும். இடையில் சரஸ்வதி பூஜை விடுமுறை வேறு. மிச்சம் இருப்பது ஒன்று, ஒன்றரை வாரம். அதற்குள் தம்பதி முடிவு செய்ய வேண்டும். வாடகைத் தாய் முடிவு செய்ய வேண்டும். அதிகார அமைப்பின் ஒப்புதல் வர வேண்டும். அந்த ஒப்புதலை எத்தனை நாளில் தர வேண்டும் என்று 3ஆம் பிரிவில் காலக்கெடு எதுவும் இல்லை. மருத்துவக் குழுவுக்கு 3 நாள் என்று கறாராகச் சொன்ன அரசு, இங்கே வாயே திறக்கவில்லை. எங்கள் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். தமிழக அரசு ஒரு சுற்றறிக்கை மூலம் 3 வேலை நாள் என்று வரையறுத்தாலே போதும்.

19 வாரம் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் எல்லாக் குறைக்கும் இல்லை. மண்டை ஓடு வளராத குறையை 12 வார ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம். குரோமோசோம் ஒன்று கூடுவதால் வரும் டவுன் சிண்ட்ரோம் என்ற குறைக்கான ரத்தப் பரிசோதனைகளை 10 வாரத்திலிருந்து செய்யலாம். ஆனால் இங்கே வாடகைத் தாய்க்கென்றே வரும் ஒரு தப்பு உண்டு. அவற்றில் ஒன்றான டபுள் மார்க்கர் பரிசோதனையின் படிவத்தில் 'தாயின் வயது' என்ற கட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவளின் வயதை, 27 என்று, எழுதிவிடுகிறார்கள். கருமுட்டை 40 வயதுப் பெண்ணுடையது. டவுன் சிண்ட்ரோம் ஆபத்து முட்டையின் வயதைப் பொறுத்தது. 25 வயது முட்டைக்கு அது ஏறக்குறைய 1250இல் ஒன்று. 40 வயது முட்டைக்கு ஏறக்குறைய 100இல் ஒன்று. வயதைத் தப்பாகப் போட்டால் 'ஆபத்துக் குறைவு' என்று ரிப்போர்ட் வரும். ஐந்தாம் மாதத்தில் தலையில் இடி விழும். படிவத்தில் எழுத வேண்டியது முட்டை எடுத்த அன்று முட்டைக்குரியவரின் வயது. தானம் பெற்ற முட்டை என்றால் தானம் கொடுத்தவரின் வயது.

சுமப்பவளின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் மரபணுவைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனைக்கும் 'இது வாடகைத் தாய்' என்று லேபிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தாயின் மரபணுவையும் குழந்தையின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வகைப் பரிசோதனையில், சுமப்பவளுக்கும் குழந்தைக்கும் ரத்த உறவு இல்லையென்றால் கணக்கே குழம்பும். இன்னொன்று, என்.ஐ.பி.டி. சந்தேகத்தைத்தான் சொல்லும், உறுதி செய்யாது. அதில் 'அதிக ஆபத்து' என்று வந்ததும் கலைக்கச் சொல்லிப் பேச்செடுக்கிற தம்பதிகள் உண்டு. பனிக்குட நீரோ நஞ்சுக்கொடித் திசுவோ ஊசியால் எடுத்துப் பார்க்காமல் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அந்த ஊசிக்கும் சம்மதப் படிவம் உண்டு. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வரும் 'ஜி' படிவம் அது. கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அவளே கையெழுத்திட வேண்டும். ஊசியால் கரு கலையும் அபாயம் சிறிதளவு உண்டு என்பதால் அவள் மறுக்கலாம். மறுத்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் வரும் எல்லாமே குறை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி போன்றவை 'சாஃப்ட் மார்க்கர்'. வேறு எதுவும் கூட இல்லையென்றால் பெரும்பாலும் தானாக மறைந்துவிடும், அல்லது ஒன்றும் செய்யாது. பிளந்த உதட்டை அறுவை சிகிச்சையில் சரி செய்யலாம். வளைந்த பாதத்தை வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டு நேராக்கலாம். பிறவிக் குறைகளுக்கு அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தை நலத் திட்டத்தில் சிகிச்சை உண்டு. இன்னொரு பக்கம், மண்டை ஓடு இல்லாத குழந்தை பிழைக்காது. முன்னதையும் பின்னதையும் 'குறை' என்ற ஒரே சொல்லில் அடைத்துப் பேசுவதால்தான் இரு தரப்பும் ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டு மோதுகிறார்கள். முதல் ஸ்கேனை வைத்து எவரும் முடிவு செய்யக் கூடாது. கரு மருத்துவ நிபுணர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும். குழந்தை பிறந்தால் என்ன சிகிச்சை, எத்தனை வயது வரை, எவ்வளவு சரியாகும் என்று குழந்தை மருத்துவர் ஒருவரும் சொல்ல வேண்டும். இரண்டையும் வாடகைத் தாயும் உடனிருந்து கேட்க வேண்டும். ஆணா பெண்ணா என்ற பேச்சு இதில் எங்காவது நுழைந்தால் அது தனிக் குற்றம். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

இரட்டைக் கரு இன்னொரு வகைச் சிக்கல். 2022 ஜூன் விதிகளின்படி ஒரு சுழற்சியில் ஒரு கருவைத்தான் வைக்க வேண்டும். சிறப்புச் சூழலில் மட்டும் 3 வரை. ஒன்று வைத்தாலே அது இரண்டாகப் பிரிவதும் உண்டு. அப்படிப் பிரிந்து ஒரே நஞ்சுக்கொடியைப் பங்குபோடும் இரட்டையரில் ஒன்றை மட்டும் நிறுத்த, வழக்கமான பொட்டாசியம் குளோரைடு ஊசி போடக் கூடாது. ரத்தக் குழாய்கள் இணைந்திருப்பதால் மற்றதும் போய்விடும். அதற்கு வேறு முறைகள் உண்டு, அவற்றைச் செய்யும் இடங்கள் குறைவு. தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் 11 முதல் 14 வாரத்துக்குள் ஊசி முறை. எதிலும் முழுக் கர்ப்பமும் கலையும் அபாயம் இருக்கிறது. 'ரெண்டை வளர்க்க வசதியில்லை, ஒன்று போதும்' என்று தம்பதி கேட்பதும், 'உயிரோடு இருக்கிறதை எதுக்கு நிறுத்தணும்' என்று அவள் மறுப்பதும் நடக்கும். ஊசி அவளுடைய வயிற்றில்தான் இறங்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் இறங்காது.

சரி, அவள் மறுத்துவிட்டாள், குழந்தை குறையோடு பிறக்கிறது. 'நாங்கதான் வேண்டாம்னு சொன்னோமே, நீயே வச்சுக்கோ' என்று தம்பதி கைகழுவ முடியுமா? முடியாது. மரபணுக் குறை, பிறவிக் குறை, பின்னால் தெரியவரும் குறை, பாலினம், ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தை என எதைக் காரணம் காட்டியும் குழந்தையைக் கைவிடக் கூடாது என்று 7ஆம் பிரிவு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது. மீறினால் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். நடுவில் தம்பதி விவாகரத்து வாங்கினாலும் இதே நிலைதான். 20 முதல் 24 வாரத்தில் கலைக்க அனுமதிக்கும் வகைகளில் ஒன்றாக 'திருமண நிலை மாறியது' என்று கருக்கலைப்பு விதியில் சொல்லியிருப்பது சுமக்கும் பெண்ணின் திருமணத்தை. தம்பதியின் திருமணத்தை அல்ல. குழந்தை தன் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே கையெழுத்துப் போடும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரு வைப்பதற்கு முன் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் பிறப்பிக்கும் பெற்றோர் உரிமை ஆணைதான் இதற்கு ஆதாரம். அதன் சான்றிட்ட நகல் ஒன்று அவள் பெட்டியில் இருக்க வேண்டும். எல்லாத் தாளும் தம்பதி வீட்டு பீரோவிலேயே இருப்பது நல்லதல்ல.

இனி எதிர்ப்பக்கம். தம்பதிக்குக் குழந்தை வேண்டும், அவளுக்குத் தொடர முடியவில்லை. ரத்த அழுத்தம் ஏறுகிறது, மனம் உடைகிறது, வீட்டில் நெருக்கடி. கரு வைப்பதற்கு முன்வரை அவள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. வைத்த பிறகு அந்த வழி மூடிவிடுகிறது. ஆனால் கருக்கலைப்புச் சட்டப்படி கலைக்க அவளை அனுமதிக்கலாம் என்று விதிகள் சொல்கின்றன. அதாவது கர்ப்பம் அவளுடைய உயிருக்கு ஆபத்து அல்லது உடலுக்கோ மனதுக்கோ கடும் பாதிப்பு என்று டாக்டர் கருத வேண்டும், அதிகார அமைப்பின் ஒப்புதலும் வர வேண்டும். தம்பதியின் சம்மதம் எங்குமே கேட்கப்படவில்லை. அது அவர்களின் கடைசிக் கருவாக இருக்கலாம். இனி முட்டை எடுக்க முடியாத உடம்பாக இருக்கலாம். அந்த வேதனையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் வேதனை பெரிது என்பதற்காக இன்னொருத்தியின் உடம்பில் உரிமை வந்துவிடாது. 24 வாரம் தாண்டி, குழந்தைக்குக் குறையும் இல்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லையென்றால் அவளுக்கும் கதவு அநேகமாக மூடியதுதான். 2023 அக்டோபரில் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் 26 வாரம் கடந்த கர்ப்பத்தைக் கலைக்கக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்தது. உயிரைக் காப்பாற்ற உடனே தேவை என்றால் மட்டும் கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி வார வரம்பு கிடையாது.

பாளையங்கோட்டை நீதிமன்றப் பக்கம் முத்திரைத்தாளில் டைப் அடித்து வாங்கும் ஒப்பந்தங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஸ்கேனில் குறை தெரிந்தால் தம்பதி சொல்படி கலைக்கச் சம்மதிக்கிறேன்' என்ற வரி அவற்றில் தவறாமல் இருக்கும். அது செல்லாது. கலைப்புக்கான சம்மதத்தை அந்த நேரத்தில், கருக்கலைப்பு விதிகளில் உள்ள 'சி' படிவத்தில்தான் வாங்க வேண்டும். ஆறு மாதம் முந்தைய கையெழுத்து அதற்கு ஈடாகாது. 'எந்த நிலையிலும் கலைக்க மாட்டேன்' என்று எழுதி வாங்குவதும் அப்படியே செல்லாது. அமெரிக்காவில் 2012இல் கிறிஸ்டல் கெல்லி என்ற வாடகைத் தாயின் ஒப்பந்தத்தில் கடும் குறை இருந்தால் கலைப்பது என்ற வாசகம் இருந்தது. ஐந்தாம் மாத ஸ்கேனில் குறைகள் தெரிந்தன. தம்பதி தரப்பு 10,000 டாலர் தருவதாகச் சொல்லியும் அவர் கலைக்கவில்லை. வேறு மாநிலத்துக்குப் போய்ப் பெற்றார். குழந்தையை இன்னொரு குடும்பம் தத்தெடுத்தது. காசு கைமாறுவதும் ஒப்பந்தமும் சட்டப்படி சரியாக இருந்த இடத்திலேயே நிலைமை அது. நம் நாட்டில் கலைக்க 'இவ்வளவு தருகிறோம்' என்று சொன்னாலே பணம் கொடுத்து வாடகைத் தாய் அமர்த்திய குற்றம் ஆகிவிடக்கூடும். மருத்துவச் செலவை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டினால் அது கட்டாயப்படுத்தல்.

ஒப்பந்தம் செல்லாது என்பதற்காகப் பேசாமலே இருந்துவிடக் கூடாது. பேச வேண்டிய நேரம் கரு வைப்பதற்கு முன். தம்பதியும் அவளும் தனித்தனியாக, ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியாமல், ஒரே கேள்விகளுக்கு எழுதிப் பார்க்கட்டும். பிழைக்க வாய்ப்பில்லாத குறை என்றால்? டவுன் சிண்ட்ரோம் என்றால்? அறுவை சிகிச்சையில் சரியாகும் என்றால்? இரட்டை என்றால்? ஊசிப் பரிசோதனைக்குச் சம்மதமா? தன் உயிருக்கு ஆபத்து என்றால் எந்தக் கட்டத்தில் நிறுத்தச் சொல்வாள்? பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேவாலயம் போகிறவரோ பள்ளிவாசல் போகிறவரோ கோயிலுக்குப் போகிறவரோ, எந்த நிலையிலும் கலைக்க மாட்டேன் என்று நம்புகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. அது தெரிந்த பிறகும் அவரையே கேட்டுக்கொண்டு, ஐந்தாம் மாதத்தில் மனதை மாற்றிவிடலாம் என்று நினைப்பதுதான் தப்பு. பதில்கள் ஒத்துவரவில்லையென்றால் கரு வைக்காதீர்கள். உறைய வைத்த கரு காத்திருக்கும். அந்தத் தாள் யாரையும் கட்டாது, பிறகு அவள் மனம் மாறினாலும் மாறியதுதான் செல்லும். ஆனால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதே பெரிய பலன்.

தகராறு முற்றிவிட்டால் அவள் போக வேண்டிய முதல் இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண் என்பதால் வருமானச் சான்று எதுவும் இல்லாமலே இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அவளுக்கென்று தனி வக்கீல் வேண்டும். தம்பதியின் வக்கீலே 'ரெண்டு பேருக்கும் நானே பார்த்துக்கிறேன்' என்றால் வேண்டாம். ஒப்புதல் கேட்கும் மனுவில் கரு வைத்த தேதியும் அப்போது அது எத்தனை நாள் வளர்ந்த கரு என்பதும், எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும், இரண்டாவது டாக்டரின் கருத்தும், அவளுடைய சம்மதமும், நடுவர் ஆணையும் இருக்கட்டும். நீதிமன்றம் போக வேண்டிவந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. மனுதாரர் அவளாக இருக்க வேண்டும்.

கலைப்பது என்று அவளே முடிவு செய்தால், அதன் பிறகு நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐந்தாம் மாதக் கலைப்பு ஒரு சின்னப் பிரசவம். முதலில் 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால், பிறகு வலி. முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் தழும்பு கிழியும் அபாயம் உண்டு. வாடகைத் தாய் எல்லோருமே ஏற்கெனவே பெற்றவர்கள் என்பதால் இதைக் கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. ரத்த வசதியும் அறுவை அரங்கும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. இரண்டு மூன்று நாளில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும். அதை நிறுத்த மாத்திரை இருக்கிறது. டாக்டர் எழுதித்தர மறந்தால் கேட்டு வாங்க வேண்டும். குழந்தை இல்லையே என்று தம்பதி அந்த வாரமே அவளிடம் வந்துபோவதை நிறுத்திவிடுவதுண்டு. காப்பீடு 36 மாதத்துக்கு எடுத்திருக்க வேண்டும், கர்ப்பத்தால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் அது போதுமானதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பாலிசித் தாளில் கருக்கலைப்பும் அதன் பின்விளைவுகளும் அடங்குமா என்று கரு வைப்பதற்கு முன்பே வரி வரியாகப் படித்துப் பாருங்கள். அடங்காது என்றால் வேறு பாலிசி எடுக்கச் சொல்லுங்கள். பாலிசி எண்ணும் அட்டையும் அவள் கையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மகப்பேறு ஆலோசகர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.